மூடிய நூலகத்தை இருமொழி நூலகமாகத் திறக்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பொது நூலகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு, பூட்டிக் கிடந்த இரண்டு குடியிருப்பு நூலகங்களை அந்தப் பகுதி மக்களோடு சேர்ந்து திறந்தேன். ஒன்று இன்றும் நடக்கிறது. மற்றொன்றுக்கு 14 மாதங்களில் மறுபடியும் பூட்டு விழுந்தது. ஆகவே இரண்டு வகை அனுபவமும் உண்டு. கட்டடம், நிதி, சட்டம் ஆகியவற்றில் என் அறிவு அரைகுறை. புத்தகம், அடுக்கு, நூற்பட்டி (நூல்களின் பட்டியல்), வாசகர் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் பதினோரு பேர். ஐந்து ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் நூலகத்தின் சாவி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் உள்ள நூலகமாகத் திறக்க ஆசை. எதில் தொடங்குவது?

வண்ணம் பூசுவதில் தொடங்காதீர்கள். எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

முதலில் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள். பெரிய தடித்த நோட்டு. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண் இருக்கும். முத்திரை குத்திய நூல்கள் பழைய நிர்வாகத்தின் சொத்து. சாவி கொடுத்ததாலேயே அவை உங்களுடையவை ஆகிவிடாது. நூல்களையும் அடுக்குகளையும் ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு தாள் வாங்குங்கள்.

பிறகு, கைக்கு வந்தபடி 200 நூல்களை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். மூடுவதற்கு முன் யார் எதைப் படித்தார்கள் என்பதை அந்தச் சீட்டைவிட நேர்மையாக யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபடி மூடிய நூலகத்தில் நான் செய்யத் தவறியது இதுதான். "இங்கே இப்போது யாரும் தமிழ் படிப்பதில்லை" என்று குழுவில் சொன்னார்கள், நம்பினேன். ஒரு வருடம் கழித்து, அட்டை பிய்ந்த ஒரு தமிழ்ச் சிறுவர் நூலைக் கையில் எடுத்தேன். தேதிச் சீட்டு நிரம்பி, அதன்மேல் இரண்டாவது சீட்டு, அதுவும் நிரம்பி மூன்றாவது. பக்கத்து அடுக்கில் இருந்த ஆங்கில நூல்களில் பாதிச் சீட்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நாங்களோ அதற்குள் ஆங்கில நூல்களாக வாங்கிக் குவித்திருந்தோம்.

கேள்வி: புத்தகங்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். துடைத்தால் போதுமா?

துடைக்காதீர்கள், பொறுங்கள். பூசணம் ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் இன்னும் இழுவிப் பரவும். அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசணம் எத்தனை முறை துடைத்தாலும் திரும்பி வரும். ஆகவே முதல் வேலை கூரை ஒழுக்கை அடைப்பது, ஜன்னலைத் திறப்பது, அடுக்குகளைச் சுவரிலிருந்து ஒரு கை நுழையும் அளவு தள்ளி வைப்பது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி நடுவில் மாட்டுங்கள்.

பாதிக்கப்பட்ட நூல்களைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் காய விடுங்கள். விரல் பட்டால் பசைபோல ஒட்டாமல் பொடியாக உதிரும் நிலை வந்ததும், வெளியே எடுத்துச் சென்று, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலையில் விடாதீர்கள். நாள் முழுக்க வெயிலில் பரப்பி வைக்காதீர்கள். அட்டை வளையும், தாள் பழுக்கும். வெளுப்புத் தூள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

எந்தக் கடையிலும் இன்னொரு பிரதி கிடைக்கும் நூலுக்கு இத்தனை பாடு தேவையில்லை. கழித்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளிப்பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா?

வேண்டாம். அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல், அதுவும் சிறுவர்கள் வந்து உட்காரும் அறையில். பூச்சி தின்பது பைண்டிங்கில் உள்ள மாவுப் பசையை. அதற்கு வேண்டியது ஈரமும் இருட்டும். சில நூல்களில் மட்டும் இருந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் பையைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வர விடுங்கள். பூசணம் இதனால் சாகாது; உறங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: "நூல்களைத் தாரீர்" என்று அறிவித்தோம். நல்ல வரவேற்பு! மூன்று அறைகள் நிறைந்துவிட்டன. எப்படிப் பிரிப்பது?

வரவேற்பு இல்லை, அது இடம் காலி செய்தல். மக்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். பழைய பாடநூல், காலாவதியான தேர்வு வழிகாட்டி, தொகுதி குறைந்த கலைக்களஞ்சியம், முதல் பாகம் இல்லாத நாவல். இவைதான் பெரும்பாலும் இருக்கும், பார்க்காமலே சொல்கிறேன்.

இன்றே அறிவிப்பை எடுங்கள். எந்த மொழி, எந்தத் துறை, எந்த நிலையில் உள்ள நூல், வேண்டாததை நாங்கள் எப்படியும் அகற்றுவோம் என்ற ஒப்புதல்: இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிய பிறகுதான் அடுத்த நூலை வாங்க வேண்டும். இதை நான் இன்னும் சில முறை சொல்லப் போகிறேன்.

கேள்வி: இரண்டு மொழி நூல்களையும் ஒரே அடுக்கில் கலந்து வைப்பதா, தனித்தனி அறையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பொருளின்படி கலந்து வையுங்கள். வானியல் தேடி வருபவர் தமிழ் வானியல் நூலையும் ஆங்கில வானியல் நூலையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கட்டும். முதுகில் மொழிக்கு ஒரு நிறப்பட்டை ஒட்டினால் போதும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது "வாசகரின் நேரத்தைச் சேமி" என்பது. வாசகரை இரண்டு அறைகளுக்கு நடக்கவைப்பது சேமிப்பு ஆகாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்: அம்மா, இதை ஏற்க முடியவில்லை. கலந்து வைத்தால் பளபளப்பான அட்டைகளுக்கு நடுவே தமிழ் நூல் காணாமல் போகும். ரங்கநாதனின் மூன்றாவது விதி "ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்." தமிழ் நூலுக்கு வாசகர் கிடைக்க வேண்டுமானால் தமிழுக்குத் தனி இடம் வேண்டும்.

ஐயா, அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனாலும் தனி இடம் ஒதுக்கிய நூலகங்களில் அந்த இடம் பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, மின்விசிறி இல்லாத மூலையில்தான் இருந்தது. ஒதுக்குவதும் ஒதுக்கிவைப்பதும் எத்தனை சீக்கிரம் ஒன்றாகின்றன என்று பார்த்திருக்கிறேன்.

இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர்: என் மகள் தமிழ் அறைக்குள் போகவே மாட்டாள். "அது பாட்டிகள் அறை" என்கிறாள். ஆங்கிலக் கதைக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு தமிழ்க் கதையையாவது புரட்டிப் பார்ப்பாள்.

தமிழாசிரியர்: புரட்டுவார், வைத்துவிடுவார். இரண்டும் கைக்கெட்டும்போது குழந்தை பழகிய மொழியைத்தானே எடுக்கும்? எங்கள் நூலகத்தில் கலந்து வைத்தார்கள். என்ன ஆயிற்று? புதிதாக வாங்கும்போது எந்த மொழி எவ்வளவு என்றே யாருக்கும் தெரியவில்லை. தனி அடுக்கு இருந்திருந்தால் அது காலியாவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி வரி என்னை யோசிக்கவைக்கிறது ஐயா. அடுக்கு என்பது கணக்குப் புத்தகமும்கூட, அது உண்மை. இந்தச் சண்டைக்குள் பகுப்பு முறையின் கதையும் ஒளிந்திருக்கிறது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறை ஒன்று உண்டு: 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு எண் 820. மூன்றே இலக்கம். தமிழ் இலக்கியத்துக்கு இன்று அதில் உள்ள எண் 894.811. ஆறு இலக்கம் முடிந்த பிறகுதான் கவிதையா, நாடகமா, கதையா என்ற பேச்சே தொடங்கும். ஒல்லியான தமிழ்க் கவிதை நூலின் முதுகில் அந்தச் சீட்டை ஒட்டிப் பாருங்கள். சுற்றி வளைத்து அட்டைக்கு வந்துவிடும். உள்ளூர் மொழிக்குச் சுருக்கமான எண் தர அந்த முறையே வழிவிடுகிறது. நான் "த" என்ற எழுத்தைப் போட்டு, அதன்பின் வகை, ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் என்று நிறுத்திக்கொண்டேன்.

சரி, என் முதல் பதிலைத் திருத்துகிறேன். அறிவுத்துறை நூல்களைக் கலந்து வையுங்கள். அங்கே வாசகர் தேடுவது பொருளை. கதை, கவிதையை மொழிவாரியாகப் பிரியுங்கள். அங்கே வாசகர் தேடுவது மொழியைத்தான். சிறுவர் நூல்களைக் கலந்து, முதுகு அல்ல, முன் அட்டை தெரியும்படி வையுங்கள். மொழிவாரி எண்ணிக்கையை மாதம் ஒருமுறை பதிவேட்டிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

தமிழாசிரியர்: தமிழ்க் கதைகள் எந்தப் பக்கம்?

வாசலை ஒட்டி, ஐயா. மின்விசிறிக்கு நேர் கீழே.

கேள்வி: பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே?

உங்கள் குழுவில் கேளுங்கள். நான் ஒரு சண்டையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்தேன்.

கேள்வி: நான் கணினித் துறையில் இருக்கிறேன். நூற்பட்டிக்கு ஒரு விரிதாள் போதாதா?

500 நூல்வரை போதும். அதற்கு மேல் கோஹா என்ற நூலக மென்பொருளைப் பாருங்கள். நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இன் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது, இலவசம். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு நன்கொடை என்று பொருள்.

எந்த மென்பொருளானாலும் தமிழை எப்படி வரிசைப்படுத்துகிறது என்று முதல் நாளே சோதியுங்கள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுக் குறியாக்கம் யூனிகோடு. அதன் எண் வரிசையும் அகராதி வரிசையும் ஒன்றல்ல. யூனிகோட்டில் "ன" என்பது "ந"வுக்கு அடுத்து வருகிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி. எண் வரிசையை அப்படியே பின்பற்றும் மென்பொருள் "பனை"யை "பயணம்" என்பதற்கு முன்னால் வைக்கும். "பகல்" முன்னால் வரும், "பக்கம்" பின்னால் போகும். அகராதியில் இது தலைகீழ். திரையில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பட்டியலை அச்சடித்து அதன்படி அடுக்கச் சொன்னால், தன்னார்வலர் பாதி நாளில் அழுதுவிடுவார். அமைப்புகளில் தமிழ் வரிசையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டா என்று பாருங்கள்.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. திருக்குறளை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் இன்னொரு விதமாகவும் எழுதுவார்; தேடுபவர் மூன்றாவது விதமாகத் தட்டுவார்; ஒன்றும் வராது. நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 என்ற வடிவத்தில் 880 என்ற புலம் (விவரம் இடும் கட்டம்) இதற்கென்றே இருக்கிறது: ஆங்கில எழுத்து வடிவத்தோடு அசல் தமிழ் வடிவத்தையும் சேர்த்து ஏற்றலாம். இருமொழி நூலானால் 041 புலத்தில் இரண்டு மொழிக் குறியீடுகளையும் இடுங்கள். இல்லாவிட்டால் தமிழில் தேடுபவருக்கு அந்த நூல் இல்லாத நூல்தான்.

கேள்வி: பழைய கணினியில் இருந்த நூல் பட்டியலைத் திறந்தால் ஏதோ கிறுக்கல் வருகிறது. அழித்துவிடலாமா?

ஐயோ, அழிக்காதீர்கள். அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்தது. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று எத்தனையோ இருந்தன. மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து வரியை மட்டும் மாற்றிப் பார்த்து, எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்த பிறகு முழுவதையும் மாற்றுங்கள். அசல் கோப்பின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும்.

கேள்வி: உறவினர் ஒருவர் 600 நூல்கள் தர முன்வந்திருக்கிறார். வாங்கலாமா?

ஒரு பக்கக் கொள்கை எழுதிவிட்டீர்களா? இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: உறுப்பினர் கட்டணம் வைக்கலாமா?

பொது நூலகம் கொள்கை அளவில் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது யுனெஸ்கோ பொது நூலக அறிக்கை. 1949இல் முதலில் வந்தது, 2022இல் கடைசியாகத் திருத்தப்பட்டது. செலவுக்கு வேறு வழி தேடுங்கள்.

கேள்வி: நூல்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பலாமா?

காப்புரிமை முடியாத நூல்களைக் கூடாது. முடிந்த தமிழ் நூல்கள் பல மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூலகத்தில் 1998 முதல் ஏறிக்கொண்டிருக்கின்றன. இருப்பதை மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள்.

கேள்வி: கதை சொல்லும் நேரத்தை இரண்டு மொழியில் எப்படி நடத்துவது? ஒரு வரி தமிழில், அதையே ஆங்கிலத்தில் என்று செய்கிறோம். பிள்ளைகள் கவனிப்பதில்லை.

எப்படிக் கவனிப்பார்கள்? அடுத்த நொடி தெரிந்த மொழியில் வரப்போகிறது என்றால், தெரியாத மொழி ஓடும்போது பிள்ளை ஜன்னலைத்தான் பார்க்கும். கதையை முழுக்க ஒரே மொழியில் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே கதை, மற்ற மொழியில், வேறு ஒருவர். கதை தெரிந்துவிட்டதால் சொல் தெரியாவிட்டாலும் பிள்ளை பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு சிறுவன் செய்ததை மறக்க முடியாது. தமிழ் அவனுக்கு அரைகுறை. இரண்டாவது வாரம் கரடி கதவைத் தட்டும் இடம் வருவதற்கு முன்பே எழுந்துபோய் நூலகக் கதவைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கேள்வி: கிழிந்த பக்கங்களுக்கு செல்லோ டேப் ஒட்டலாமா?

கூடாது. சில ஆண்டுகளில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். பிளாஸ்டிக் மட்டும் தனியே கழன்று விழும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும்.

கேள்வி: இரும்பு அடுக்குகளை மாடியில் போடலாமா?

ஒரு மீட்டர் நீள நூல் வரிசை சுமார் 30 கிலோ இருக்கும். பெருக்கிப் பாருங்கள். பிறகு பொறியாளரைக் கேளுங்கள், என்னை அல்ல.

கேள்வி: என் தாத்தாவின் கலைக்களஞ்சியம் இருக்கிறது, ஆங்கிலம், இரண்டு தொகுதிகள்தான் குறைவு. அன்பளிப்பாக...

வேண்டாம்.

அதே கேள்வியாளர்: அவர் ஓரங்களில் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார். கடினமான சொற்களுக்கெல்லாம் தமிழ்ச் சொல்.

பென்சிலிலா, மையிலா? ஏதாவது ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நூலகத்துக்காக அல்ல, நான் பார்க்க வேண்டும்.