கேள்வி – பதில்: மிதிக்கும் குதிரைக்குக் கடிவாளம் எங்கே?

கேள்வி: எங்கள் பரம்பரை வீட்டின் ஒரு பகுதியைப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறோம். பின்கட்டில் பழைய மரச்செக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. சாய்வாக ஓடும் பலகைத் தளத்தில் குதிரையை நடக்கவிட்டு இயந்திரம் ஓட்டும் முறை அமெரிக்காவில் இருந்ததாகவும், அதைத் தச்சரையும் வெல்டரையும் வைத்து இங்கேயே செய்து செக்கை ஓட்டிக் காட்டலாம் என்றும் என் மகன் சொல்கிறான். குதிரை மிரண்டுவிட்டால் வேகத்தை எப்படி அடக்குவது? கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் போதுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: போதாது. சொல்லப்போனால், இந்த இயந்திரத்தில் கடிவாளத்துக்கு வேலையே இல்லை. ஜட்கா வண்டியில் குதிரை நின்றால் வண்டியும் நிற்கும். அங்கே வேகம் குதிரையின் காலில் இருக்கிறது. உங்கள் மகன் சொல்லும் மிதிமேடையிலோ குதிரை எதையும் இழுப்பதில்லை. அதன் உடல் எடைதான் இயந்திரத்தை ஓட்டுகிறது, ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பது குதிரை அல்ல, அந்த எடையை எதிர்த்து நிற்கும் சுமை.

இது நம் பக்கத்துக்குப் புதிய தத்துவம் இல்லை. கவலை இறைத்த காலத்தில் மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் இழுப்போடு எடையும் சேர்ந்து தண்ணீர் நிறைந்த சாலைக் கிணற்றிலிருந்து தூக்கியது. ஏற்றத்தில் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்த ஆள் தன் எடையால்தான் தண்ணீரைக் கொண்டுவந்தார். மிதிமேடையில் கனமான மரச்சட்டங்களை இருபுறமும் சங்கிலியால் கோத்து, முடிவில்லாத பாயைப்போல உருளைகளின் மேல் ஓடவிடுகிறார்கள். முன்பக்கம் உயர்ந்திருக்கும் அந்தப் பாயின் மேல், நான்கு பக்கமும் அடைத்த கூண்டுக்குள், குதிரை மேட்டில் ஏறுவதுபோல நடக்கிறது. அது இருந்த இடத்திலேயே இருக்க, பாய் பின்னோக்கி இறங்கி, பல்சக்கரம் பூட்டிய அச்சைச் சுழற்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பண்ணைகளில் கதிரடிக்கும் இயந்திரமும் விறகு அறுக்கும் வாளும் இப்படித்தான் ஓடின. வெண்ணெய் கடைவதற்கு நாயையும் ஆட்டையும்கூட இதைவிடச் சிறிய மேடையில் ஏற்றினார்கள்.

கணக்கைப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். குதிரையின் எடை 300 கிலோ, மேடையின் சாய்வு 10 டிகிரி, அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் உயர்வு என்று வைத்துக்கொள்வோம். பாயைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 52 கிலோ எடைக்குச் சமம். குதிரை வினாடிக்கு ஒரு மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர் நடந்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 510 வாட். வீட்டு மிக்ஸி ஒன்று எடுக்கும் அளவுதான். (ஒரு குதிரைத்திறன் 746 வாட், நம் நாட்டுக் குதிரை ஒன்று சாதாரண நடையில் ஒரு குதிரைத்திறனை எட்டுவதில்லை என்பது வேடிக்கைதான்.)

இந்த 510 வாட்டையும் செக்கு வாங்கிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் சுமுகமாக நடக்கும். மேடையைச் செக்கோடு இணைக்கும் பெல்ட் கழன்று விழுந்தால் அந்த 52 கிலோ விசையை எதிர்க்க ஆளே இல்லை. பாய், சக்கரங்கள் ஆகியவற்றின் மொத்தச் சடத்துவம் (வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) 300 கிலோவுக்குச் சமமாக இருந்தால், இரண்டே வினாடிகளில் பாயின் வேகம் மணிக்கு 3.6 கிலோமீட்டரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டராக ஏறிவிடும். குதிரை மிரளவே இல்லை. தரை அதன் காலடியிலிருந்து ஓடுகிறது, விழாமல் இருப்பதற்காக அது ஓடுகிறது. அந்த நேரத்தில் கடிவாளத்தை இழுத்து அதை நிறுத்த முயன்றால் பாய் அதைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பின்தடுப்பில் மோதவைக்கும். தலைக்கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் கழுத்தும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

சிறு வயதில் அரிசி ஆலை ஒன்றில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தபோது ஆயில் என்ஜினின் தட்டைப் பெல்ட் கழன்று பாம்புபோலத் தரையில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நிதானமாக அடித்துக்கொண்டிருந்த என்ஜினின் சத்தம் ஒரு மூச்சு நேரம் கீச்சென்று ஏறியது. பிறகு, அதிலிருந்த கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எண்ணெயைக் குறைத்ததால் தானாகவே அடங்கியது. ஆலைக்காரர் வெற்றிலையைக்கூடத் துப்பாமல் எழுந்து வந்து பெல்ட்டை மாட்டினார். குதிரைக்கு எண்ணெயைக் குறைக்க முடியாது. அதன் எடை மேடையில் இருக்கும் வரை விசையும் இருக்கும், ஆகையால் பிரேக் ஒன்றுதான் வழி.

அந்தப் பிரேக் எங்கே இருக்கவேண்டும் என்பதில்தான் பலர் தவறு செய்வார்கள். செக்கின் பக்கத்தில் பிரேக் வைத்தால் பெல்ட் கழன்ற பிறகு அது செக்கை நிறுத்தும், குதிரையை நிறுத்தாது. பாயின் பல்சக்கரம் எந்த அச்சில் இருக்கிறதோ அதே அச்சில், இடையில் பெல்ட்டோ கியரோ இல்லாமல், பிரேக் டிரம் இருக்கவேண்டும். இன்னொன்று: கையால் அழுத்தினால் பிடிக்கும் பிரேக் வேண்டாம், தொங்கும் எடைக்கல்லால் எப்போதும் பிடித்தபடி இருந்து, கயிற்றை ஆள் இழுத்துப் பிடித்திருக்கும் வரை மட்டும் விடுபடும் பிரேக்காக இருக்கட்டும். பயந்துபோன ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினாலும் மேடை நிற்கும். ஆனால் அது வெடுக்கென்று பிடிக்கக் கூடாது; நடந்துகொண்டிருக்கும் குதிரையின் காலடியில் தரை திடீரென்று நின்றால் அது முன்பலகையில் போய் மோதும். எடைக்கல் மெதுவாக இறங்கி, மூன்று நான்கு வினாடிகளில் பாய் நிற்கும்படி அமையுங்கள்.

குதிரையை ஏற்றுவதற்கு முன் சோதனை செய்ய அரிசி மூட்டை போதும். பிரேக் பிடித்திருக்கும் நிலையில் 75 கிலோ மூட்டைகள் நான்கைப் பாயின் மேல் அடுக்கினால் குதிரையின் எடை வந்துவிடும். எட்டு அடுக்கியும் பாய் ஒரு விரற்கடை நகரவில்லை என்றால்தான் அந்தப் பிரேக்கை நம்பலாம். குதிரையை ஏற்றி இறக்கும்போது பிரேக்கோடு, சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே இரும்புக் கம்பி ஒன்றையும் செருகிப் பூட்டிவிடவேண்டும்.

இனி செக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு இந்த யோசனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாடு சுற்றும் செக்கு நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்றுதான் சுற்றுகிறது. மிதிமேடையின் அச்சோ, பல்சக்கரம் 40 சென்டிமீட்டர் விட்டமாக இருந்தால், நிமிடத்துக்கு 48 சுற்று சுற்றும். பதினாறில் ஒரு பங்காகக் குறைக்க அடுக்கடுக்காகக் கியர் வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை அது. அதைவிட முக்கியமாக, செக்கின் சுமை ஒரே சீராக இருப்பதில்லை. எள் நசுங்கும்போது ஒரு கனம், கருப்பட்டி சேர்த்து எண்ணெய் பிரியும்போது வேறு கனம்; ஆட்டி முடித்துப் புண்ணாக்கை எடுத்துவிட்டால் சுமையே இல்லை. மேடை தறிகெட்டு ஓட அதுவே தோதான நேரம், எனவே குதிரையை இறக்கிய பிறகே புண்ணாக்கில் கை வைக்கவேண்டும். செக்கை மாட்டுக்கே விட்டுவிட்டு, மிதிமேடையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பிஸ்டன் பம்பைப் பூட்டிக் காட்டலாமே! பாதி ஆற்றல் உராய்வில் போனாலும், 10 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் ஏறும், சுமையும் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். கிணறு வற்றிப் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கினால் மட்டும் மறுபடியும் அதே ஆபத்துதான்.

கேள்வி: எடைக்கல் பிரேக்கைப் பிடிக்க ஓர் ஆள் எப்போதும் நிற்கவேண்டுமே. மிதிமேடை வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள வழி உண்டா? (மேலே உள்ள கேள்வியை முன்னரே எங்களுக்கு அனுப்பிய வாசகியின் உறவினர், லேத் பட்டறை வைத்திருக்கிறார்.)
– வாசகர், தேவகோட்டை

பதில்: உண்டு, ஆனால் ஆளை அனுப்பிவிடுவதற்காக அல்ல. மேற்சொன்ன அமெரிக்க மேடைகளிலேயே அத்தகைய கவர்னர்கள் இருந்தன. அச்சோடு சேர்ந்து சுழலும் இரண்டு எடைகளைச் சுருள்வில் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும். வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து, பிரேக் கட்டையைச் சக்கரத்தின் விளிம்பில் அழுத்தும். வேகம் தணிந்ததும் வில் அவற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதுதான் இதன் சிறப்பு: வேகம் 20 சதவீதம் கூடினால் விசை 44 சதவீதம் கூடுகிறது, வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே சாதாரண நடையில் கட்டை தொடாமலும், குதிரை சற்று விரைந்தவுடன் உரசும்படியும் வில்லைத் திருகி வைக்கலாம்.

காற்றாலை மாவு மில்களில் ஏற்கெனவே புழங்கிவந்த இந்த உத்தியை 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினுக்குக் கொண்டுவந்தார். கவர்னர் சில சமயம் வேகத்தை அடக்காமல் ஏறி இறங்கி ஊசலாட வைப்பது ஏன் என்பதை 1868-இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணிதமாக ஆராய்ந்து எழுதினார். வில் தளர்ந்திருந்தாலோ இணைப்புகளில் ஆட்டம் இருந்தாலோ உங்கள் மேடையிலும் அந்த ஊசல் வரும். மேடை மாறி மாறி வேகம் பிடித்துத் தணிந்தால் குதிரை நடை தடுமாறும்.

48 சுற்று வேகத்தில் எடைகள் சரியாக விரியாது. பிரதான அச்சிலிருந்து பல்சக்கரம் மூலம், பெல்ட் மூலம் அல்ல, ஐந்து மடங்கு வேகமாகச் சுழலும் துணை அச்சு ஒன்றில் கவர்னரை வையுங்கள். குதிரையை வைத்து அதைச் சோதிக்காதீர்கள். பட்டறையிலேயே மின்மோட்டாரால் அச்சைச் சுழற்றி, எந்த வேகத்தில் கட்டை தொடுகிறது என்று பார்த்துவிடலாம். பெல்ட் அறுந்த நிலையில் குதிரையின் 510 வாட்டும் அந்தக் கட்டையில்தான் சூடாக இறங்கும். மரக்கட்டை சில நிமிடங்களில் கருகி வாசனை வரும். அந்தச் சில நிமிடங்களுக்குள் எடைக்கல் பிரேக்கை இறக்க ஆள் வேண்டும் என்பதால்தான் ஆளை அனுப்பிவிடக் கூடாது என்றேன்.

கேள்வி: ரயிலையே குதிரை மிதித்து ஓட்டியது உண்மையா?
– பள்ளி மாணவி, பள்ளத்தூர்

பதில்: உண்மை. 1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த என்ஜின் போட்டியில் தாமஸ் ஷா பிராண்ட்ரெத் என்பவரின் ‘சைக்ளோபெட்’ என்ற வண்டி கலந்துகொண்டது. அதன் மேல் குதிரை மிதிமேடையில் நடக்க, சக்கரங்கள் உருண்டன. குதிரை தளத்தின் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. பரிசு ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ நீராவி என்ஜினுக்குப் போயிற்று. பலகைத் தளத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதைக் கானாடுகாத்தான் வாசகியும் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: புரவி எடுப்பில் மண்குதிரையைத் தோளில் சுமந்து அய்யனாருக்குக் கொடுக்கும் ஊர் நம்முடையது. உயிருள்ள குதிரையைக் கூண்டில் அடைத்து நடக்கவைப்பது சரியா? சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், காரைக்குடி

பதில்: மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் கீழ் 1965-இல் வந்த விதிகள், வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது. கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கு விலங்கைக் காட்சிப்படுத்துவதானால் விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டியிருக்கும். விடுதிக்காரர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மிதிமேடைக்கு அந்த நேர அளவுகள் மிக அதிகம் என்பது என் கருத்து. 10 டிகிரி சாய்வில் ஒரு மணி நேரம் நடக்கும் குதிரை சுமார் 625 மீட்டர் உயரம் ஏறியதற்குச் சமமான வேலையைச் செய்கிறது. 216 அடி உயரமுள்ள தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்பது தடவைக்கு மேல் ஏறுவது போன்றது அது. சாலையில் ஓடும் குதிரைக்கு அதன் ஓட்டமே காற்றைக் கொடுக்கும். கூண்டுக்குள் நிற்கும் குதிரைக்கு அந்தக் காற்றும் இல்லை. பதினைந்து நிமிட நடை, பிறகு தண்ணீரும் நிழலும் என்ற அளவோடு, காலையிலோ மாலையிலோ மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். லாடம் மரத்தில் வழுக்கும் என்பதால் சட்டங்களின் மேல் ரப்பர் விரிப்பும் குறுக்குக் கட்டைகளும் வேண்டும். சாணமும் மூத்திரமும் விழுந்த உடனே மேடையை நிறுத்திக் கழுவவேண்டும். புதுக் குதிரையை, பாய் நகராதபடி பூட்டிய மேடையில் சில நாட்கள் வெறுமனே ஏற்றி இறக்கி, கொள்ளு கொடுத்துப் பழக்கிய பிறகே, பிரேக்கை முழுதும் விடாமல் பாயை அடி அடியாக நகரவிடுங்கள். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, நடக்க மறுத்துப் பின்தடுப்பில் சாய்ந்தே நிற்கிற குதிரையை வற்புறுத்தாமல் லாயத்துக்கு அனுப்பிவிடுங்கள். அன்று வரும் பயணிகள் கிணற்றையும் பம்பையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.