வொர்க்அவுட்டுக்குக் காசு கட்டலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். குடும்பமாகக் கனடா வந்து ஒன்றரை வருடம். மகனுக்குப் பதினேழு வயது, ஆறடி நாலங்குலம், ஸ்காபரோவில் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து விளையாடுகிறான். ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து கை கொடுத்து, வட அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் அணிகள், புது ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால் பெடியளைக் கூப்பிட்டு வொர்க்அவுட், அதாவது ஆட்டச் சோதனை, வைத்துப் பார்க்கும், உங்கள் மகனைத் தயார்ப்படுத்தி நானே அனுப்பி வைக்கிறேன், 4,000 டொலர் என்று சொல்லியிருக்கிறார். கட்டலாமா என்று கேட்கிறீர்கள். கட்ட வேண்டாம். நீங்கள் இரவு வேலை முடித்து வந்துதான் இதை வாசிப்பீர்கள், பாதியில் நித்திரை வந்துவிடும், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தை நாளைக்கு வாசித்தாலும் பரவாயில்லை.

அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வில்லங்கம். வொர்க்அவுட் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அணி கூப்பிட்டால்தான் போகலாம், ரிக்கற்றும் ஹோட்டலும் கூப்பிட்ட அணியின் செலவு. காசு கட்டி அதற்குள் போக வழியே இல்லை. அதோடு உங்கள் மகனின் வயதில் கூப்பிடவும் மாட்டார்கள். டிராஃப்ட் நடக்கும் வருடத்துக்குள் 19 வயது ஆகவேண்டும். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் படித்தவர் என்றால் அதை முடித்து ஒரு வருடமும் கழிந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்டில் இருந்து இதுதான் விதி. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே போனார்கள். பின்னாளில் பெரிய நட்சத்திரமான கோபி பிரையன்ட் 1996 இல் பதினேழு வயதில் லேக்கர்ஸ் அணிக்கு வொர்க்அவுட் கொடுத்த கதையை உங்கள் மகனிடம் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வான். நாற்பது வயதான பழைய ஆட்டக்காரர் மைக்கேல் கூப்பரை எதிரே நிறுத்தினார்களாம். பெடியன் அவரைப் போட்டுப் புரட்டிய புரட்டில், அணியை நடத்திய ஜெரி வெஸ்ட் போதும், பார்த்தது காணும் என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். இப்படிக் காசு கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் விற்பது இந்தக் கதையைத்தான். அந்தக் கதவைப் பூட்டி இருபது வருடம் ஆகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வாய் என்று நினைப்பீர்கள். நான் வந்து இருபத்துமூன்று வருடம், அக்காவின் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜிம் ஜிம்மாகத் திரிந்தவன். 2013 இல் ஆன்டனி பெனெட், 2014 இல் ஆன்ட்ரூ விகின்ஸ், இரண்டு பேரும் ரொறன்ரோப் பக்கத்துப் பெடியள், அடுத்தடுத்த வருடம் டிராஃப்டில் முதலாவது ஆளாக எடுபட்டார்கள். அந்த இரண்டு வருடமும் இங்கே உயரமான பிள்ளை வைத்திருந்த வீடுகளில் ஒரு காய்ச்சல் அடித்தது. அக்கா வீட்டிலும் அடித்தது. எல்லை தாண்டி அமெரிக்காவில் ஒரு முகாம், அணிகளின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். காசு கட்டி, ஒன்பது மணித்தியாலம் கார் ஓட்டி, இரண்டு இரவு மோட்டலில் படுத்தோம். போய்ப் பார்த்தால் இருநூறு பெடியள், ஆறு மைதானம். நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் காட்டி, அவர்தான் அணி அனுப்பிய ஆள் என்று அக்கா என் காதில் சொன்னா. பிறகு கதைத்துப் பார்த்தால் அவரும் எங்களைப் போல ஒரு தகப்பன், தன் மகனின் புள்ளிகளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் ஒரு டீ-சேர்ட் தந்தார்கள், தோய்த்ததும் சுருங்கிவிட்டது.

சரி, உண்மையான விசயம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த ஆள் வந்து கை கொடுக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

டிராஃப்டில் 30 அணிகள் இரண்டு சுற்றாகப் புது ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கின்றன. மொத்தம் 60 பேர். அணி ஏதாவது விதியை மீறித் தண்டனைப்பட்டால் ஓரிரு இடம் பறிபோகும், 2024 இல் 58 பேர்தான். உலகம் முழுவதற்கும் இவ்வளவுதான் இடம். மே மாதத்தில் எழுபது, எண்பது பேரைச் சிக்காகோவுக்குக் கூப்பிடுவார்கள், அதற்குப் பெயர் கம்பைன். அங்கே ஆட்டத்தை விட அளவெடுப்பு கூட, எங்கள் ஊரில் தையல்காரன் அளப்பதை விட மோசம். சப்பாத்தில்லாமல் உயரம், இரண்டு கையும் விரித்தால் எவ்வளவு, நின்றபடி கை தூக்கினால் எவ்வளவு, உள்ளங்கை அகலம், எகிறும் உயரம், ஓடும் வேகம், பிறகு வைத்தியப் பரிசோதனை, பிறகு அணி அணியாக நேர்முகம். 2007 இல் கெவின் டியூரன்டால் 185 இறாத்தல் பாரத்தைப் படுத்தபடி ஒரு தரம் கூடத் தூக்க முடியவில்லை. ஊரே சிரித்தது. ஆனாலும் இரண்டாவது ஆளாக எடுத்தார்கள், பிறகு லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார். ஆகவே ஜிம்முக்குப் போய்ப் பாரம் தூக்கு என்று பெடியனை இப்போதே வதைக்க வேண்டாம்.

சிக்காகோ முடிந்து, ஜூன் கடைசியில் டிராஃப்ட் வரைக்கும் அணிகள் தனித்தனியாகக் கூப்பிடும். இதைத்தான் அந்த மனிதர் உங்களிடம் சொன்னது. மூன்று நான்கு கிழமைக்குள் பத்துப் பன்னிரண்டு நகரம் போய்வரும் பெடியள் இருக்கிறார்கள். ஒரு நகரத்தில் பின்னேரம் இறங்கி, அணியின் ஆட்களோடு சாப்பிட்டு, காலையில் டொக்டர், பிறகு ஒரு மணித்தியாலம் போல மைதானம், பிறகு நேர்முகம், பிறகு அடுத்த விமானம். என் சிநேகிதர் ஒருவர் ரக்ஸி ஓட்டுகிறார். ஒரு ஜூன் மாதம் பியர்சன் விமான நிலையத்தில் ஏழடிக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு பெடியனை ஏற்றினாராம். முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட அப்படியே நித்திரை கொண்டவன், இறங்கும்போது இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டானாம்.

ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியின் பயிற்சிக்கூடம் எக்ஸிபிஷன் பிளேஸில் இருக்கிறது. அங்கேயும் ஜூன் மாதம் முழுக்க இதுதான் நடக்கும். பெரும்பாலும் ஆறு ஆறு பேராகக் கூப்பிட்டு, மூன்றுக்கு மூன்று ஆடவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் முதல் நாலைந்து இடத்துக்குள் வரக்கூடிய பெடியனின் ஏஜென்ட் இதற்குச் சம்மதிக்க மாட்டார். போட்டியாளனோடு ஆடித் தோற்றால் விலை இறங்கிவிடும் அல்லவா, எங்கள் பெடியன் தனியாகத்தான் பந்து போடுவான் என்று நிற்பார். 2007 இல் சீனாவில் இருந்து வந்த யீ ஜியான்லியன் எதிரே ஆளுக்குப் பதிலாகக் கதிரையை வைத்து ஆடிக் காட்டினார் என்று இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். அவரும் ஆறாவதாகப் போனவர்தான். பின்வரிசைப் பெடியளுக்கு இந்தக் கொழுப்பெல்லாம் கிடையாது, யாரோடும் ஆடுவார்கள், எந்த ஊருக்கும் போவார்கள்.

என்ன பார்க்கிறார்கள் என்றால், பந்து விழுகிறதா என்பதை மட்டும் இல்லை. அவன் ஆடிய ஆட்டம் முழுக்க ஏற்கனவே வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்தால் எத்தனை தரத்தில் பிடிக்கிறான், களைத்த பிறகு வாய் திறந்து மற்றவனோடு கதைக்கிறானா, பந்து பொறுக்கிக் கொடுக்கும் பையனுக்கு நன்றி சொல்கிறானா. பொஸ்டன் அணி கடைசியில் மூன்று நிமிடம் மைதானத்தின் நீளத்துக்கு மேலும் கீழும் ஓடவிட்டு, எத்தனை தரம் ஓடினான் என்று எண்ணும். அதில் வாந்தி எடுத்தவர்களும் உண்டு.

இவ்வளவும் செய்தும் அணிகளின் கணக்குப் பிழைத்துப்போகும். அந்த பெனெட்டையே பாருங்கள், டிராஃப்டுக்கு முன்னால் தோள்மூட்டில் சத்திரசிகிச்சை, ஓர் அணிக்கும் வொர்க்அவுட் கொடுக்க முடியவில்லை, அப்படியிருந்தும் முதலாவது ஆள், நாலே பருவத்தில் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. மறுபக்கத்தில் ஃபிரெட் வான்விலீட். 2016 இல் ஓர் அணியும் எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் எடுக்கிறோம், ஆனால் சின்ன லீக்கில் இரண்டு வருடம் இரு என்றவர்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர். பிறகு எங்கள் ராப்டர்ஸில் சேர்ந்து 2019 இல் கோப்பை தூக்கினார். அன்றைக்கு ஸ்காபரோவில் எங்கள் சனம் காரில் கொடி கட்டிக்கொண்டு ஓடித் திரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க நான் எடுப்பது சாக் எடேயின் கதை. அவரும் ரொறன்ரோதான், ஏழடி நாலங்குலம், சின்னனில் ஐஸ் ஹொக்கியும் பேஸ்போலும் விளையாடினவர், கூடைப்பந்துக்கு வந்தது பத்தாம் வகுப்பில். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2023 இல் நாட்டிலேயே சிறந்த மாணவ ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டு டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார், சிக்காகோவுக்கும் போனார். அணிகள் என்ன நினைக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மே 31, கடைசி நாள், பெயரை மீட்டுக்கொண்டு திரும்பிப் படிக்கப் போய்விட்டார். அடுத்த வருடம் இறுதி ஆட்டம் வரைக்கும் அணியைக் கொண்டுபோய், 2024 டிராஃப்டில் ஒன்பதாவதாக மெம்ஃபிஸ் அணிக்குப் போனார். இப்படிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர விதியில் இடம் உண்டு. அந்தக் கடைசித் திகதியைத் தவறவிட்டால் கல்லூரி ஆட்டம் போய்விடும். அதனால்தான் அந்த நேரத்தில் ஆட்டக்காரர் சங்கம் அங்கீகரித்த ஏஜென்ட் வேண்டும், ஜிம் வாசலில் கை கொடுப்பவர் காணாது.

இப்போது இன்னொன்றும் மாறிவிட்டது. 2021 ஜூலையில் இருந்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து உழைக்கலாம். கல்லூரியிலேயே காசு கிடைக்கும்போது அவசரப்பட்டு ஏன் போவான்? 2021 இல் வேளைக்கே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025 இல் 106 பேர்தான். ஆனால் இதில் எங்களுக்கு ஒரு முள் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை எஃப்-1 மாணவர் விசாவில்தான் போகும், அந்த விசாவில் அமெரிக்காவுக்குள் உழைப்பதற்குக் கட்டுப்பாடு அதிகம். எடேயும் அந்த விசாதான், கூட விளையாடிய அமெரிக்கப் பெடியள் விளம்பரத்தில் நடித்து உழைக்க, அவர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

விசா என்றதும் உங்கள் நிலைமையை நீங்கள் எழுதவில்லை. கனேடியக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு எல்லை சின்ன விசயம். நிரந்தர வதிவிடம் இருந்தும் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு என்றால், ஒரு நாள் போட்டிக்கு பஃபலோ போகவும் அமெரிக்க விசா வேண்டும். அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருந்தால், எவர் என்ன முகாம் என்று கூப்பிட்டாலும் உங்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் பிள்ளையை எல்லை தாண்ட விட வேண்டாம், திரும்பி உள்ளே வருவது பெரும்பாடாகிவிடும். காசு கேட்ட மனிதர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

அந்த 4,000 டொலரை வைத்திருங்கள், வேறு அலுவல் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியின் முதல் பிரிவில் ஆட, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் சராசரி (4 என்ற அளவில்) 2.3 க்குக் குறையக்கூடாது. ஊரில் படித்த ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெறுபேறுகளையும் கேட்பார்கள், தமிழில் இருந்தால் உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்போடு. பள்ளிக்கூட ஆலோசகரிடம் இந்தக் கிழமையே போய் ஒன்றரை வருடத்தில் எடுத்த பாடங்கள் அந்தக் கணக்கில் வருமா என்று கேளுங்கள். மருமகனுக்கு நாங்கள் இதைப் பிந்தித்தான் கேட்டோம், கணிதத்தில் ஒரு பாடம் தவறான தரத்தில் எடுத்திருந்தான், அத்தோடு அமெரிக்கக் கதை முடிந்தது. அவன் இங்கேயே பல்கலைக்கழக அணியில் நாலு வருடம் ஆடினான், இப்போது எலெக்ட்ரிசியன், என்னை விட நல்லாய் உழைக்கிறான். முழங்கால்தான் கொஞ்சம் சரியில்லை.

கோடையில் மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ் ஆட்டம் ஒன்றுக்குப் போங்கள், பான் ஆம் மையத்தில்தான் நடக்கும். கனடா லீக்கில் 2023 இல் கோப்பை எடுத்த அணி. டிராஃப்டில் எடுபடாத, அங்கே இங்கே வொர்க்அவுட் கொடுத்துப் பார்த்த பெடியள் அங்கே சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு உடம்பு என்று உங்கள் மகன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். முடிந்தால் நானும் வருகிறேன், மருமகனையும் கூட்டி வருகிறேன், பெடியன் அவனிடம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வான்.

அப்புறம், பதினைந்தாம் நம்பர் சப்பாத்து எங்கே வாங்குவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மோலில் தேடி அலைய வேண்டாம், அந்த அளவு அங்கே அருமை. மருமகனின் பழைய சோடிகள் மூன்று அக்காவின் நிலவறையில் கிடக்கின்றன, ஒன்று இரண்டு தரம்தான் போட்டது. அளவு சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.