சவுக்குத் தோப்பை விற்று நீட்டா?

கடலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ, உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். நீட்டில் வாங்கியது மட்டும் அரசு இடத்துக்கு எட்டாது. ஒரு வருடம் நாமக்கல்லில் தங்கிப் படிக்கட்டும், அப்படியும் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி, சவுக்கு நிற்கிற இரண்டு காணியை விற்றால் ஆச்சு என்கிறாராம் தாய்மாமன். மகளோ மொட்டைமாடியில் பால் பாக்கெட்டுகளில் வேம்பு, புங்கன், மகிழம் என்று முளைக்கப் போட்டுக்கொண்டு, வனவியல் படிக்கிறேன் என்கிறாள். பெண்பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை என்று வீட்டில் கலக்கம்.

பயப்படாதீர்கள் ஐயா என்று சொல்லலாம்தான். ஆனால் நிலத்தை விற்கிற பேச்சு வீட்டில் இருக்கும்வரை நீங்கள் பயப்படுவதே நல்லது. அவள் கேட்காத படிப்புக்கு, கிடைக்குமா என்று தெரியாத இடத்துக்கு, திரும்ப வாங்க முடியாத நிலத்தைக் கொடுக்காதீர்கள். இதில் மாமாவின் கௌரவத்துக்காக விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

வனவியல் என்றதும் ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப் பணி, ரேஞ்சர் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பாதை எல்லோருக்கும் தெரியும். பணியிடமும் குறைவு, ஒவ்வொரு வருடமும் அறிவிப்பும் வராது. அதை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள். யாரும் கவனிக்காத பக்கம் நாற்றங்காலும், மரத்துக்காகவே நட்டு வளர்க்கும் தோட்டக்காடும். உங்கள் மகளின் கை ஏற்கெனவே அங்கேதான் போகிறது.

மாடியில் அவள் போட்ட வேப்பங்கொட்டையையே பாருங்கள். பழம் உதிர்ந்த சூட்டோடு போட்டால் முளைக்கும். டப்பாவில் மூடி தீபாவளிக்கு எடுத்துப் போட்டால் முளைக்காது. வேம்புக்கு விதை உயிர் சில வாரம்தான். தேக்கு நேர் எதிர். கொட்டை அவ்வளவு கெட்டி. இரவில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் இப்படி மாற்றி மாற்றிச் செய்தாலும் ஒரே சீராக முளைக்காது. சந்தனம் இன்னொரு வகை. பக்கத்துச் செடியின் வேரில் வேர் கோத்து உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி அது. நாற்றுப் பையிலேயே துணைச்செடி வைக்காவிட்டால் நாள் போகப்போக மஞ்சளடித்து நின்றுவிடும். துணைச்செடியைக் கிள்ளாமல் விட்டால் அது சந்தனத்தை நிழலில் அமுக்கிவிடும். ஒரு நாற்றை விற்பதற்குள் இத்தனை உயிரியல் இருக்கிறது.

உங்கள் சவுக்குக்கு வருவோம். விதைப் பாத்தியில் எறும்பு தூக்கிப் போனது போக மிச்சம் முளைக்கும், அதிலும் மரத்துக்கு மரம் பருமன் வேறு. அதனால்தான் குளோன், அதாவது ஒரே தாய்மரத்தின் அச்சு நகலான நாற்று. தேர்ந்த தாய்மரத்தின் இளந்தளிரை விரல் நீளத்துக்கு வெட்டி, அடிநுனியை ஐ.பி.ஏ. வேரூக்கியில் தொட்டு, மண்ணுக்குப் பதிலாக வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள் நிரப்பிய ரூட் ட்ரெய்னர் தட்டின் குழியில் நட்டு, ஈரப்பதம் குறையாத பாலித்தீன் கூடாரத்தில் மூன்று நான்கு வாரம் வைக்க வேண்டும். வேர் பிடித்ததும் நிழல்வலை, பிறகு வெயில். கெடுகிற இடங்கள் எல்லாம் இதற்குள்தான்: கூடாரத்தை அடிக்கடி திறந்தால் தளிர் வாடும், தண்ணீர் மிஞ்சினால் அடி அழுகும், ஊக்கி கூடினால் அடி கருகும். சவுக்கு வேர் முடிச்சில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. வெர்மிகுலைட்டில் அது இருக்காது; பழைய தோப்பின் முடிச்சை அரைத்து ஊற்றியாவது சேர்க்க வேண்டும். நாற்றைப் பையில் நெடுநாள் வைத்துவிட்டால் வேர் அடியில் சுருண்டுகொள்ளும். அந்த மரம் வளரும், ஆனால் காற்றுக்கு நிற்காது. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோப்பு முழுக்க ஒரே குளோனை நட்டால் ஒரு நோய் வந்தாலும் மொத்தமாகப் போகும். எத்தனை குளோன் கலப்பது என்று சொல்லவும் படித்த ஆள் வேண்டும்.

அந்த ஆளைத்தான் காகித ஆலைகளின் தோட்டப் பிரிவு தேடுகிறது. கரூர் பக்கம் டி.என்.பி.எல்., பள்ளிபாளையத்தில் சேஷசாயி, இவர்களுக்கு மரம் விவசாயி நிலத்திலிருந்து வர வேண்டும். தொடக்கச் சம்பளம் டாக்டர் சம்பளம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்டுப் பாடமும் கூடவே உண்டு. மார்பு உயரம் என்று 1.37 மீட்டரில் சுற்றளவு எடுப்பதில் தொடங்கி, பத்து வருடத்துக்கு ஒரு காட்டை எப்படிக் கையாள்வது என்ற பணித்திட்டம் வரை போகும். காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியை எடுப்பதையே பாருங்கள். தண்டை வெட்டினால் நாலு மடங்கு துளிர்க்கும். தரைக்கு அடியில், துளிர்க்கும் பகுதிக்குக் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். பறவை உட்காரும் மரத்தடியில் விதை விழுந்து திரும்ப முளைக்கும், அடுத்தடுத்த மழைக்கும் போய்ப் பிடுங்க வேண்டும். வேலை வெயிலிலும் அட்டைக்கடியிலும்தான். ஐ.எஃப்.எஸ். தேர்விலேயே பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். பெண்பிள்ளைக்குக் காட்டில் வேலையா என்று அரசே கேட்பதில்லை.

செய்ய வேண்டியது: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விண்ணப்பம். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி அதன் கீழ்தான், நான்கு வருடப் படிப்பு. ப்ளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் குறிப்பிடுங்கள். விருப்ப வரிசையில் வனவியலை முதலில் வையுங்கள். வேளாண்மையை மேலே போட்டுவிட்டு, அது கிடைத்த பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. கேரளத்தில் வெள்ளானிக்கரை போன்ற வெளிமாநிலக் கல்லூரிக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் போவதானால் க்யூட் என்கிற தேசியப் பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஐ.சி.ஏ.ஆர். என்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் வனவியல் என்று போர்டு மாட்டியிருந்தால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

தோப்பு வெட்டுக்கு வந்திருந்தால் மரத்தை மட்டும் வெட்டி, அந்தப் பணத்தை விடுதிக்கு வையுங்கள். நிலம் இருக்கட்டும். மூன்றாம் வருடம் விடுமுறைக்கு வரும்போது, நாலு குளோனை வரிசையாக நட்டுப் பார்க்க அவளே ஒரு மூலை கேட்பாள்.