நெல் அறுவடை வண்டியையே மாற்றி பாய்லரில் எரிக்க வைக்கோல், கரும்புச் சோகை (காய்ந்த இலை) சேகரிக்க முடியுமா?

முடியும். ஆனால் அறுப்பதும் கட்டுவதும் ஒரே வண்டியில் வேண்டாம். ஈரோடு மாவட்டம் கோபி பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நான்கு வருடமாக டிராக்டரும் வைக்கோல் கட்டும் மிஷினும் ஓட்டுகிறேன். பட்டதைச் சொல்கிறேன்.

அறுவடை வண்டியில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பின்வாயில் வைக்கோலை நறுக்கி இறைக்கும் பாகம் இருந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் தகரம் அடித்தால் வைக்கோல் சிதறாமல் ஒரே வரிசையாக விழும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து எம்மெட்ஸ்பர்க்கில் 2014இல் மக்காச்சோளக் கழிவில் எத்தனால் எடுக்கும் ஆலை வந்தபோது, விவசாயிகளிடம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்: இறைக்கும் பாகத்தை நிறுத்துங்கள், விழுந்த வரிசையை அப்படியே கட்டிக் கொடுங்கள். தரையோடு வாரிச் சேர்த்தால் மண்ணும் கூடவே வந்துவிடும்.

அந்த மண்ணில்தான் நானும் மாட்டினேன். முதல் வருடம் ஒரு தாள்கூட வீணாகக் கூடாது என்று கட்டும் மிஷினில் வைக்கோலை வாரி எடுக்கும் கம்பி விரல்களைத் தரை தொட இறக்கிவிட்டேன். பாய்லர்காரர் ஒரு கட்டைப் பிரித்து சிமெண்ட் தளத்தில் உதறினார். இரண்டு கை நிறைய மண். "ஏனுங்க, வயலையே வாரிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?" என்றார். லோடு அப்படியே திரும்பி வந்தது. வாடகை என் தலையில்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நெல் வைக்கோலில் சாம்பலே நூறு கிலோவுக்குப் பதினைந்து கிலோ அளவுக்கு நிற்கும். அதிலுள்ள சிலிக்காவும் பொட்டாசியமும் சூட்டில் உருகி பாய்லர் குழாயில் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். மண்ணும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது விரல்களை இரண்டு அங்குலம் தூக்கி வைத்துத்தான் ஓட்டுகிறேன், அதுவும் பனி காய்ந்து பத்து மணிக்கு மேல்.

அப்புறம், நல்ல வைக்கோலை பாய்லருக்குக் கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை. மாட்டுக்காரர்கள் தேடி வந்து எடுத்துக்கொள்கிறார்கள். எரிக்க ஏற்றது மாடு தொடாத சரக்கு: பருத்திமார் (பஞ்சு எடுத்தபின் நிற்கும் காய்ந்த செடி), கரும்புச் சோகை. பருத்திமாரை இந்த மிஷின் தாங்காது, துண்டாக்கும் மிஷின் வேண்டும். சோகை கட்டலாம். ஆனால் மறுதாம்பு, அதாவது வெட்டிய தூரிலிருந்தே மறுபடி கரும்பு, விடுகிற வயலென்றால் வெட்டிய கையோடு கட்டி எடுத்துவிட வேண்டும். குருத்து கிளம்பிய பிறகு டயர் ஏறினால் தூர் போச்சு. கரும்புக் கட்டையில் மோதி விரல்களும் முறியும். அதற்காகவே உபரியாகப் பத்து விரலும் ஒரு ஸ்பேனரும் டிராக்டர் சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கும்.