லாரிக்கு எஃப்சி எடுக்க மொத்தம் எவ்வளவு ஆகும்?

லாரிக்கு எஃப்சி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் வண்டிக்கு எத்தனை வயசு என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். பழைய வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ஏறியது, 2025 நவம்பரில் மறுபடியும் ஏற்றி, 20 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

புது வண்டிக்கு அரசுக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை. பிரேக் வேலை, டிங்கரிங், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், தேய்ந்த டயர், இதெல்லாம் முடியும்வரை ஷெட்டில் சும்மா நிற்கிற நாட்களின் வாடகை, இங்கேதான் காசு கரையும். தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும், அதனால் ஒரு மாசம் முன்னாடியே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.