மகளைக் கேட்டீர்களா, தங்கச்சி?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கணவர் மன்னார்க் கத்தோலிக்கர், நீங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். போன வருடம்தான் மகளோடு ஒஸ்லோவுக்கு வந்து கணவரிடம் சேர்ந்திருக்கிறீர்கள். மகள் இப்போது பெரியபிள்ளையாகிவிட்டாள், வயது பன்னிரண்டு. ரொறன்ரோவிலிருக்கும் மாமியார் முதலில் சேர்ச்சில் ஆசீர்வாதம் என்கிறார். ஊரிலிருக்கும் அம்மா, துடக்குக் (தீட்டுக்) கழிக்காமல் என்ன ஆசீர்வாதம் என்கிறார். சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, எதை முதலில் செய்வது, எந்த மண்டபம், கமராவுக்கு யார், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள்.

மண்டபத்தையும் கமராவையும் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்க் கடையில் சாமான் வாங்கும்போது கேளுங்கள், மூன்று நம்பர் தருவார்கள். மூன்று பேரும் கடைக்காரருக்குச் சொந்தமாகத்தான் இருப்பார்கள்.

முதலில் எது என்பதற்காக நித்திரை கெட வேண்டாம். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதில் சண்டையே இல்லை. கத்தோலிக்கத்தில் அருட்சாதனங்கள் என்ற திருச்சடங்குகள் ஏழு, பெரியபிள்ளையானதற்கென்று ஒன்று அதில் கிடையாது. விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் வேறு விசயம், அது ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. ஃபாதர் செய்யப்போவது தலையில் கைவைத்து ஒரு செபம், அவ்வளவுதான். நம் பக்கத்திலும் ஐயருக்குத் துடக்குக் கழிப்பதோடு வேலை முடிந்தது. பால் அறுகு வைப்பதும் தண்ணீர் வார்ப்பதும் தாய்மாமன், ஆராத்தி எடுப்பது பெண்கள். யாழ்ப்பாணத்துக் குருநகரில், கத்தோலிக்கரான என் கணவர் வீட்டிலும் இதே தண்ணீர்வார்ப்பு, இதே உளுத்தங்களி, இதே நல்லெண்ணெய், இதே பச்சை முட்டை. சாமத்தியவீட்டுக்குச் சொந்தக்காரன் மாமன்தான். இதை உங்கள் மாமியாரிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இருவரையும் ஒரே வாட்ஸ்அப் அழைப்பில் வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் கேள்வி முழுவதிலும் மாமியார் என்ன சொன்னார், அம்மா என்ன சொன்னார், கணவர் எப்படி வாயே திறக்கவில்லை என்றெல்லாம் இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

என் மகளுக்கு 2003-இல் செய்தோம். நானும் சைவம், அவர் கத்தோலிக்கர், உங்கள் கதைதான். அழைப்பிதழில் மேலே பிள்ளையார் சுழியா சிலுவையா என்று வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. கடைசியில் இரண்டு விதமாக அடித்தோம். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். விழாவன்று ஒரே மேசையில் இருந்த இரண்டு குடும்பம் தங்கள் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தக் கதை வரும்.

சாப்பாட்டிலும் தகராறு. என் பக்கம் மரக்கறி, அவர் பக்கம் ஆட்டிறைச்சி இல்லாமல் என்ன விருந்து என்றது. நானூறு பேர், வங்கியில் தொண்ணூறாயிரம் குரோனர் கடன். கனடாவிலிருந்து வந்த மச்சாள், மூன்று சேலை மாற்றாவிட்டால் வீடியோ எடுபடாது என்றாள். மாற்றினோம். நான்காவதுக்கும் ஒன்று அவளே வாங்கி வந்திருந்தாள், அதையும் மாற்றினோம். (அங்கே இப்போது ஹெலிகொப்டரில் இறக்குகிறார்களாம். இறக்கட்டும். கடன் கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்.)

அந்த நாள் முழுக்க என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சந்தோசப்பட்டேன். வெட்கமல்ல. அவளைக் கேட்காமல் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தேன், நோர்வேக்காரரும் வரட்டும், நம் பண்பாட்டைப் பார்க்கட்டும் என்று பெருமை. அதில் ஒரு பிள்ளை இது எதற்கான விழா என்று எங்கள் மேசையில் கேட்க, மச்சாள் தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டாள். திங்கட்கிழமை வகுப்பில் ஆண் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. இது எனக்குத் தெரியவர மூன்று வருடம் எடுத்தது.

ஆகவே பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள், அவளிடம் கேளுங்கள். குடும்ப விழா என்று மட்டும் சொன்னால் ஆசிரியருக்குப் போதும். படங்களை அவள் சம்மதமில்லாமல் பேஸ்புக்கில் போட வேண்டாம். கோடை விடுமுறை வரைக்கும் தள்ளிவைத்தாலும் குறையில்லை, இங்கே பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள், துடக்கை மட்டும் வீட்டோடு கழித்துவிட்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. இரண்டு வருடத்தில் உங்கள் மகள் வந்து "கொன்ஃபிர்மாஷூன்" என்பாள். பதினான்கு பதினைந்து வயதில் பிள்ளைகளுக்கு இங்கே செய்கிற சடங்கு அது, சேர்ச்சில் விசுவாசத்தை உறுதிப்படுத்துவதாகத் தொடங்கியது. வகுப்பே அதைப் பற்றித்தான் கதைக்கும். 1736-இல் அரசன் சட்டமாகவே போட்டது அது. அந்தக் காலத்தில் அது இல்லாமல் கல்யாணம் கட்ட முடியாது. இப்போது கட்டாயமில்லை. சேர்ச்சில் செய்யலாம், மதமே இல்லாமல் மனிதநேயச் சங்கத்தின் மூலமாகவும் செய்யலாம், அந்த மதமில்லாத முறை 1951-இல் தொடங்கியது. வசந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பீர்கள், பூவேலை போட்ட பூனாட் உடுப்போடு பெண் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். வீட்டில் வளையம் வளையமாக அடுக்கிய பாதாம் கேக், உறவுக்காரர் எழுதி வந்த பாட்டு. பிள்ளையே எழுந்து நன்றி சொல்லிப் பேசவேண்டும். இங்கே பதினைந்து வயதில் எந்த மதத்தில் இருப்பது என்று பிள்ளையே முடிவெடுக்கலாம், சட்டம் அப்படி.

என் மகள் மதமில்லாததைத் தெரிந்தெடுத்தாள். ஒஸ்லோ நகரசபை மண்டபத்தில் 2006-இல். கணவர் வீட்டார், உறுதிபூசுதல் இருக்க இதென்ன விசர் வேலை என்றார்கள். எனக்கும் கோபம்தான். மகளுக்கு நாலு சேலை மாற்றிய நான் அன்றைக்குப் பழைய சேலையொன்றை உடுத்துக்கொண்டு போனேன். விருந்துக்கு இருபத்திரண்டு பேர். அவள் எழுந்து பேசினாள், நோர்வேஜிய மொழியில் ஆறு நிமிடம். இடையில் தமிழில் ஒரு வசனம்: "அம்மா, இந்த முறை யார் வரவேண்டும் என்று நானே சொன்னேன்." வகுப்புக் கதையை அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் சொன்னாள்.

சாமத்தியவீடே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்ததிலேயே நல்லது ஒன்று இருக்கிறது. நான் வந்தது 1986-இல், நாட்டுப்புற உயர்பள்ளி என்று ஒன்றில் படிக்க. பிறகு நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை, கொட் மீனை ஃபிலே போடுகிற வரிசையில் ஆறு வருடம். இப்போது வருகிறவர்கள் நோர்வேயில் நல்ல கறிவேப்பிலை இல்லை என்று குறைப்படும்போது எனக்குச் சிரிப்பு வரும். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் சூரியனே இல்லை.

அப்படியொரு டிசம்பரில், 1992, எங்களோடு வேலை செய்தவரின் மகள் பெரியபிள்ளையானாள். மாமன் யாழ்ப்பாணத்தில், யுத்தம், தொலைபேசி கூட இல்லை. ஐயரும் இல்லை, ஃபாதரும் இல்லை. பக்கத்து அறை மன்னார்க் கத்தோலிக்கப் பெடியன் ஒருவன் மாமனாக நின்றான், இருபத்திரண்டு வயது, கை நடுங்கியது. அறுகம்புல்லுக்குப் பனியை எங்கே தோண்டுவது? பார்ஸ்லி ஒரு கட்டு. பால் தகரத்துத் தேங்காய்ப்பால். வாழைப்பழம் மட்டும் கடையில் இருந்தது, துண்டு போட்டுத் திரி வைத்தோம். அந்தப் பிள்ளை காலையிலேயே தன் தாயிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்: வேலைத்தளத்து ஆண்கள் வேண்டாம், மேற்பார்வை மனுசி மட்டும் வரலாம்.

மனுசி வஃபலும் தான் பின்னிய சிவப்புக் கையுறையும் கொண்டு வந்தார். பிள்ளை சேலைக்கு மேலே கையுறையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். நாங்கள் ஆராத்தி எடுத்து முடிந்ததும், தானும் எடுக்கலாமா என்று மனுசி சைகையில் கேட்டார். எடுத்தார், ஆனால் தட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைதான் கையுறையோடேயே அவர் மணிக்கட்டைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பிவிட்டாள்.