ப்ரொக்ராஸ்டினேட், போஸ்ட்போன் இரண்டும் ஒன்றுதானா? தமிழில் எப்படிச் சொல்வது?

ஒன்றில்லை. ஒன்றென்று நினைத்து நானே மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘மீட்டிங்கை வெள்ளிக்கிழமைக்கு ப்ரொக்ராஸ்டினேட் பண்ணலாமா’ என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினேன். அகராதியில் இரண்டுக்குமே ‘தள்ளிப்போடு’ என்றுதான் இருந்தது. “நாள் குறிச்சுச் சாக்குச் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு ஒன்பது பங்காளிகளுக்குப் பொது. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நாலைந்து ஓடு உடைந்துவிட்டது. “ஆடி பொறந்துருச்சு, ஆவணி மொத வாரம் ஆரம்பிப்போம்” என்றார் அப்பச்சி. இது போஸ்ட்போன். காரணமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது.

ஆவணி வந்தது. “சிங்கப்பூர்லேர்ந்து சித்தப்பா வரட்டும்.” சித்தப்பா வந்தார், போனார். “பிள்ளையார் நோன்பு கழியட்டும்.” இதற்குள் ஐப்பசி மழை. ஒழுகுகிற இடத்தில் அப்பத்தா ஒரு வாளியை வைத்து, சொட்டுச் சத்தம் கேட்காமலிருக்க அதற்குள் பழைய சேலைத் துணியைச் சுருட்டிப் போட்டார். ஒழுகல் நகர நகர வாளியும் நகர்ந்தது. இது ப்ரொக்ராஸ்டினேட். செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் நமக்குத்தான் நட்டம் என்று தெரிந்தே நாளைக் கடத்துவது. லத்தீனில் ‘க்ராஸ்’ என்றால் நாளை. அதிலிருந்து வந்த சொல்.

சோம்பலும் இதுவும் வேறு. அப்பச்சி அந்த நாட்களில் சும்மாவா இருந்தார்? பர்மாத் தேக்குத் தூணுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்தார், பழைய பித்தளைப் பூட்டுகளைக் கழற்றி மாட்டினார். கொத்தனாருக்குப் போன் போடுவதைத் தவிர எல்லாம் நடந்தது.

வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது: போஸ்ட்போன் என்றால் எதை என்று சொல்லியாக வேண்டும். ப்ரொக்ராஸ்டினேட் பெரும்பாலும் தனியாகவே நிற்கும்: ‘ஸ்டாப் ப்ரொக்ராஸ்டினேட்டிங்.’ மீட்டிங், கல்யாணம், பரீட்சைக்கெல்லாம் அதைப் போடாதீர்கள். போஸ்ட்போன், புட் ஆஃப் இரண்டுக்கும் பின்னால் ‘டு கோ’ வராது, ‘கோயிங்’தான். டிஃபர் என்பது கடன் தவணை, தீர்ப்பு மாதிரி காகித விவகாரம். அடுத்தவனை அலையவிட்டு இழுத்தடித்தால் அது ஸ்டால். (நாளை முன்னுக்குக் கொண்டுவருகிற ப்ரீபோன் நம்மூர் ஆங்கிலம். எனக்குப் பிடிக்கும், ஆனால் வெளிநாட்டு மெயிலில் எழுதமாட்டேன்.)

ப்ரொக்ராஸ்டினேட் பண்ணுவதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் குறளில் ‘நெடுநீர்’ இருக்கிறது, 605-ஆவது குறள். பேச்சில் எடுபடாது. 672-ஆவது குறள்தான் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: ‘தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை.’ இங்கே தூங்குவது என்றால் காலம் தாழ்த்துவது. முதல் பாதி போஸ்ட்போன், அடுத்த பாதி ப்ரொக்ராஸ்டினேட். நான் பேச்சில் ‘நாளைக் கடத்துறது’ என்றே சொல்கிறேன்.

ஓடு இன்னும் மாற்றவில்லை. வாளி மட்டும் புதுசு.